பீட்சா கொண்டுவந்த பையனுக்கு டிப்ஸ் எவ்வளவு? டார்க் காமெடி பற்றி ஓர் எளிய அறிமுகம்

எங்கள் தாத்தா இறந்தபோது அவருக்கு 92 வயது. கொள்ளுப்பேரனை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போனவர். ஊரில் இதைக் கல்யாணச் சாவு என்பார்கள். தப்பு மேளம், வேட்டு எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. அமரர் ஊர்திதான் வந்து சேரவில்லை. வழியில் பஞ்சர் என்றார்கள். வெயில் சாயத் தொடங்கிவிட்டது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, "உசுரோட இருந்த வரைக்கும் இந்த மனுசன் ஒரு பஸ்ஸை நேரத்துக்குப் பிடிச்சதில்ல. இன்னிக்காவது சீக்கிரம் கெளம்பிருவாருன்னு பார்த்தா, வண்டியையும் தன்னை மாதிரியே பழக்கிட்டாரு" என்றார். முதலில் சிரித்தது பாட்டி. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் நாங்கள் சிரித்தோம்.

அரை மணி கழித்து மாலையோடு வந்த ஒருவர், எங்களோடு அவ்வளவாகப் பழக்கமில்லாதவர், அதே பேச்சைப் பிடித்துக்கொண்டு தானும் ஒன்று சொன்னார். அதுவும் தாத்தாவின் தாமதத்தைப் பற்றித்தான். ஜோக் மோசமில்லை. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாவைப் பற்றி ஜோக் அடிக்கலாமா என்ற கேள்விக்கு ஒரே பந்தலில் இரண்டு பதில்கள் கிடைத்துவிட்டன. டார்க் காமெடி கெடுதலா, இல்லை வெறும் சிரிப்புத்தானா என்று சண்டை வரும்போதெல்லாம் நாம் பொருளைப் பிடித்துக்கொண்டுதான் சண்டை போடுகிறோம். சாவைப் பேசலாமா, சாமியைப் பேசலாமா, நோயைப் பேசலாமா என்று. எனக்கு அது தப்பான இடத்தில் தொடங்குகிற சண்டையாகத் தெரிகிறது. எதைப் பற்றிய ஜோக் என்று கேட்பதை விட்டுவிட்டு, அதன் குத்து யார்மேல் விழுகிறது என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதி தீராது. அதையும் பார்ப்போம்.

எது டார்க் காமெடி, எது இல்லை

சாவு, நோய், கொலை, போர், பஞ்சம் என்று நாம் சிரிக்கக் கூடாதவை என ஒதுக்கி வைத்திருக்கிற விஷயங்களிலிருந்து சிரிப்பை எடுப்பதுதான் டார்க் காமெடி. பிளாக் காமெடி என்றும் சொல்வோம். பத்திரிகைத் தமிழில் அவல நகைச்சுவை. இந்த 'அவலம்' என்ற சொல் எனக்குப் பிடிக்கும். அவலம் அவலமாகவே இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வகையின் முதல் நிபந்தனை. பாட்டி சிரித்ததால் தாத்தா இறந்தது சின்ன விஷயமாகிவிடவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒரே மூச்சில் வந்தன.

பச்சையாகப் பேசுவதும், கேட்கிறவர் முகம் சுளிக்க வேண்டும் என்பதற்காகவே எதையாவது கொட்டுவதும் வேறு ரகம். 2025 பிப்ரவரியில் ஒரு யூடியூப் நிகழ்ச்சியில், பெற்றோரின் அந்தரங்கத்தை வைத்து ஒரு போட்டியாளரிடம் கேட்ட கேள்வி நாடு முழுக்கச் சர்ச்சையானது. அதையும் டார்க் காமெடிக் கணக்கில் எழுதிவைத்தார்கள். அதில் அவலம் எங்கே இருக்கிறது? கூச்சம்தான் இருக்கிறது. இந்தப் பெயரை ஒட்டிவிட்டால் எதற்கும் ஒரு கலைத் தகுதி வந்துவிடுகிறது என்பது இப்போது பலருக்கும் தெரிந்திருக்கிறது.

'கறுப்பு நகைச்சுவை' என்ற பெயரைப் பரப்பியவர் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன். இந்த வகை எழுத்துகளை அவர் தொகுத்த நூல் 1940-ல் அச்சானது. நாஜிகளோடு ஒத்துழைத்த அன்றைய விஷி அரசு அதை வெளிவர விடவில்லை. போர் முடிந்த பிறகே வாசகர் கைக்குப் போனது. ஜெர்மன் மொழியில் இதற்கு இன்னும் பழைய பெயர் உண்டு: தூக்குமேடை நகைச்சுவை. சிக்மண்ட் ஃப்ராய்ட் இதற்குச் சொன்ன உதாரணம் ஒரு மரண தண்டனைக் கைதி. திங்கட்கிழமை காலையில் தூக்குமேடைக்கு அழைத்துப் போகிறார்கள். அவன் சொல்கிறான்: "சரி, இந்த வாரம் நல்லாத்தான் ஆரம்பிக்குது."

குழந்தைக் கறி

எல்லை மீறிய ஜோக் என்று யாராவது சொன்னால் எனக்கு 1729-ஆம் ஆண்டு ஞாபகம் வரும். அந்த ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஒரு சிறு பிரசுரம் வெளியானது. ஏழைகளின் குழந்தைகள் நாட்டுக்குப் பாரமாக இருக்கிறார்கள். அதற்கு ஒரு பணிவான யோசனை என்று தொடங்கி, ஒரு வயதுக் குழந்தையை எப்படிச் சமைத்தால் ருசியாக இருக்கும், ஒரு குழந்தை எத்தனை பேருக்குக் காணும், நாட்டுக்கு எவ்வளவு லாபம் என்று ஒரு கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு விளக்குகிறது. எழுதியவர் ஜோனத்தன் ஸ்விஃப்ட். டப்ளினில் ஒரு பெரிய தேவாலயத்தின் தலைமைக் குரு.

பசியால் சாகும் குழந்தைகளை வைத்து ஜோக். இதைவிடக் கூடாத பொருள் இருக்க முடியுமா? ஆனால் குத்து எங்கே விழுகிறது என்று பாருங்கள். இந்தக் கறி கொஞ்சம் விலை கூடத்தான், அதனால் பண்ணையார்களுக்கே பொருத்தம், பெற்றோரை ஏற்கெனவே தின்று தீர்த்தவர்களுக்குப் பிள்ளைகள் மேலும் உரிமை உண்டுதானே என்கிறார் ஸ்விஃப்ட். அந்த இடத்தில் நமக்குப் புரிந்துவிடுகிறது. வாணலியில் இருப்பது குழந்தை இல்லை. அயர்லாந்தின் நிலத்தைச் சுரண்டியவர்களும், ஏழைகளை எண்ணிக்கையாக மட்டுமே பார்த்த பொருளாதாரத் திட்டக்காரர்களும்தான் வேகிறார்கள். குழந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்று நூறு பிரசங்கம் கேட்டுச் சலித்த காதுக்கு, தின்னலாமே என்ற ஒரு குரல் சுருக்கென்று தைத்திருக்கும்.

இப்போது இதை நம் காலத்துக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவு என்று ஓர் அரிய மரபணு நோய் இருக்கிறது. சுருக்கமாக எஸ்எம்ஏ. அதற்கான ஓர் ஊசியின் விலை சுமார் 16 கோடி ரூபாய். தமிழ்நாட்டிலும் இந்த ஊசிக்காகப் பெற்றோர் சமூக வலைத்தளங்களில் கையேந்தியதை நாம் பார்த்திருக்கிறோம். இந்த நோயாளிகளுக்காக இயங்கும் ஓர் அமைப்பு, மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்ததாகச் சில நகைச்சுவையாளர்களை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2025 ஆகஸ்ட்டில் நீதிமன்றம், தங்கள் நிகழ்ச்சிகளிலேயே மன்னிப்புக் கேட்கும்படி அவர்களுக்கு உத்தரவிட்டது. புகாரில் சொல்லப்பட்ட ஜோக்குகளில் ஒன்று, அப்படிப்பட்ட ஒரு குழந்தையின் தாயைப் பற்றியது. 16 கோடியும் வங்கிக் கணக்கில் வந்து விழுந்துவிட்டால், அந்தத் தாய் ஊசி போடுவாளா, இல்லை பணத்தைப் பார்த்து மனம் மாறுவாளா என்ற போக்கில் போனது அது.

அந்த ஜோக்கில் யார்மேல் குத்து? ராத்திரி பகலாக முகம் தெரியாதவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிற அந்தத் தாய்மேல். அவளுக்கு நிதி கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒருவர் மனத்தில், 'ஒருவேளை ஏமாற்றுகிறாளோ' என்ற ஒரு சின்ன விதையையும் போட்டுவிட்டுப் போகிறது. எனக்கு அது மோசமான ஜோக். கூடாத பொருளைத் தொட்டதால் மோசம் என்று சொல்ல மாட்டேன். அதே நோய், அதே ஊசி, அதே குழந்தையை வைத்து வேறொரு ஜோக் எழுதலாம்: மருத்துவமனை வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை. 'ஊசிக்கு இஎம்ஐ வசதி உண்டு. மூன்று தவணை தவறினால் குழந்தை ஜப்தி செய்யப்படும்.' இதுவும் இருட்டுத்தான், சொல்லப்போனால் முதல் ஜோக்கைவிட அதிக இருட்டு. ஆனால் இதில் அடி விழுவது ஒரு குழந்தையின் உயிருக்கு 16 கோடி என்று சீட்டு ஒட்டியிருக்கிற ஏற்பாட்டின்மேல். எஸ்எம்ஏ குழந்தையின் அப்பா இதைக் கேட்டால் சிரிப்பாரா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் யார் பக்கம் நின்று பேசுகிறோம் என்பதிலாவது அவருக்குச் சந்தேகம் வராது.

ஏன் சிரிக்கிறோம்

உளவியலில் இதற்குப் பல விளக்கங்கள் இருக்கின்றன. தொடக்கநிலையில் ஒன்று தெரிந்தால் போதும். பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-ல் முன்வைத்தது. ஒரு விஷயம் ஏதோ ஓர் ஒழுங்கை மீற வேண்டும், அதே நேரத்தில் அது ஆபத்தில்லாததாகவும் தெரிய வேண்டும், இரண்டும் ஒரே கணத்தில் நடந்தால் சிரிப்பு வருகிறது என்கிறார்கள். கிச்சுகிச்சு மூட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நாமே நமக்குச் செய்துகொண்டால் சிரிப்பு வராது, அதில் மீறல் இல்லை. பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆள் செய்தால் அலறுவோம், அதில் ஆபத்து மட்டுமே இருக்கிறது. அண்ணன் செய்தால் சிரித்துப் புரள்வோம். பெரியப்பாவின் ஜோக்குக்கும் மாலையோடு வந்தவர் ஜோக்குக்கும் இருந்த வித்தியாசமும் இதுதான்.

இதில் நேரத்துக்கும் பங்குண்டு. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகாத 2001 செப்டம்பர் 29-ல், அதே நகரில் கில்பர்ட் காட்ஃப்ரீட் என்ற நகைச்சுவையாளர் மேடையில் சொன்னார்: கலிஃபோர்னியாவுக்கு நேரடி விமானம் கிடைக்கவில்லையாம், வழியில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு நிறுத்தம் உண்டாம். அரங்கம் கொதித்தது. "இவ்வளவு சீக்கிரமாகவா!" என்று ஒருவர் கத்தினார். காட்ஃப்ரீட் மேடையை விட்டு இறங்கவில்லை. குடும்பம் முழுக்கச் சம்பந்தப்பட்ட, எழுத்தில் வைக்க முடியாத அளவுக்கு ஆபாசமான ஒரு பழைய ஜோக்கை எடுத்துவிட்டார். அதே கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கெட்ட வார்த்தையும் தகாத உறவும் அவர்களுக்கு அன்று ஆபத்தாகத் தெரியவில்லை. ஒரு விமானம் ஒரு கட்டடத்துக்குப் பக்கத்தில் போவது ஆபத்தாகத் தெரிந்தது.

அமெரிக்காவை 2012 அக்டோபரில் தாக்கிய சாண்டி புயலை வைத்து மெக்ராவும் வாரனும் செய்த ஆய்வில் ஒரு வேடிக்கை தெரிந்தது. புயல் வருமுன் சிரிப்பாக இருந்த அதே ஜோக்குகள், சேதம் தெரியவந்ததும் கசந்தன. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து மறுபடி சிரிப்பு மூட்டின. அப்புறம் மெல்ல மெல்லச் சப்பென்று ஆகிவிட்டன. ரொம்பச் சீக்கிரமும் கூடாது, ரொம்ப ஆறிப்போகவும் கூடாது.

மருத்துவமனையில் நடுராத்திரி

கேட்டி வாட்சன் என்ற அமெரிக்க மருத்துவ அறவியலாளர் 2011-ல் எழுதிய ஒரு கட்டுரை இப்படித் தொடங்குகிறது. அதிகாலை மூன்று மணி. அவசர சிகிச்சைப் பிரிவில் மூன்று பயிற்சி மருத்துவர்கள், பீட்சா சொல்லி வெகுநேரமாயிற்றே, இன்னும் வரவில்லையே என்று காத்திருக்கிறார்கள். அப்போது துப்பாக்கிக் காயத்தோடு ஒரு பையனைத் தூக்கி வருகிறார்கள். பார்த்தால் அவர்களுக்குப் பீட்சா கொண்டுவந்த பையன். மருத்துவமனை வாசலுக்குப் பக்கத்திலேயே சுட்டிருக்கிறார்கள். எவ்வளவோ முயன்றும் காப்பாற்ற முடியவில்லை. சோர்ந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் கடைசியில், நம் பீட்சா என்ன ஆயிற்று என்று கேட்கிறார். வெளியே போய்ப் பார்த்தால் அவன் கீழே போட்ட இடத்தில் பெட்டி அப்படியே இருக்கிறது. எடுத்து வருகிறார்கள். ஒருவர் கேட்கிறார்: "இவனுக்கு எவ்வளவு டிப்ஸ் கொடுக்கலாம்?" சிரிக்கிறார்கள். பீட்சாவைத் தின்கிறார்கள்.

அந்த மூவரில் ஒருவர் பல ஆண்டுகள் கழித்து வாட்சனிடம் கேட்ட கேள்விதான் அந்தக் கட்டுரை: நாங்கள் அப்படி ஜோக் அடித்தது தப்பா?

வாட்சனின் பதிலை என் வார்த்தையில் சொன்னால்: அந்த ஜோக்கின் குத்து பையன்மேல் இல்லை, சாவின்மேல். உயிரைக் காப்பாற்றத் தங்களால் ஆன எல்லாவற்றையும் செய்து தோற்றுப்போனவர்கள், அடுத்த காயம்பட்டவர் வருவதற்குள் எழுந்து நிற்க வேண்டும். விடிய இன்னும் நேரமிருக்கிறது. எனக்கு இதில் மறுப்பு இல்லை. நம் ஊர்ப் பிணவறைப் பணியாளர்கள், 108 ஆம்புலன்ஸ்காரர்கள், தீயணைப்பு வீரர்கள் யாரிடமாவது கொஞ்சம் நெருங்கிப் பழகியவர்களுக்கு, இந்தச் சிரிப்பு அங்கேயும் உண்டு என்று தெரிந்திருக்கும்.

ஆனால் அந்த அறைக் கதவுக்கு வெளியே பையனின் அம்மா நின்றுகொண்டிருந்தால்? ஜோக்கில் ஓர் எழுத்து மாறவில்லை. குத்தும் சாவின்மேல்தான். இருந்தாலும் அந்த அம்மா காதில் அது வாழ்நாள் முழுக்க ஒலித்துக்கொண்டே இருக்கும். நான் மேலே 'மீதிப் பாதி தீராது' என்று சொன்னது இதைத்தான். சொல்கிறவர் யாரை நினைத்துச் சொல்கிறார் என்பது ஒன்று. யார் காதில் விழுகிறது என்பது இன்னொன்று. முன்பெல்லாம் அறைக்குக் கதவு இருந்தது. இப்போது 40 பேர் உட்கார்ந்திருந்த அரங்கில் சொன்னது, அரை நிமிட வீடியோவாக வெட்டப்பட்டு, முன்னும் பின்னும் இல்லாமல், அந்த நோயோடு அல்லாடுகிற ஒரு வீட்டுக் கைபேசியில் போய் விழுகிறது. கதவு இல்லாத அறையில் பேசுகிறோம் என்ற நினைப்பு மேடை ஏறுகிறவருக்கு இருந்தாக வேண்டும்.

வலி யாருடையது

தொல்காப்பியம் சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதலில் நிற்பது எள்ளல். பழைய உரை ஒன்று இந்த எள்ளலையும் இரண்டாகப் பிரிக்கிறது. பிறரை நாம் எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் நம்மை எள்ளும்போது நாமும் சிரிப்பது இன்னொன்று. இரண்டாவதை யோசித்த அந்த உரைகாரருக்கு ஒரு கும்பிடு.

2012 ஆகஸ்ட் 3 அன்று லாஸ் ஏஞ்சலீஸில் டிக் நோட்டாரோ என்ற நகைச்சுவையாளர் மேடை ஏறி, வழக்கமான வணக்கத்துக்குப் பிறகு, "எனக்குப் புற்றுநோய்" என்று தொடங்கினார். கூட்டம் ஜோக் என்று நினைத்துச் சிரித்தது. உண்மையிலேயே சில நாட்களுக்கு முன்புதான் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்திருந்தது. அதற்குச் சில மாதம் முன்பு அம்மா இறந்திருந்தார். அரங்கில் சிலர் அழத் தொடங்கினார்கள். இடையில் அவர், வேண்டுமென்றால் சாதாரண ஜோக்குகளுக்குப் போய்விடட்டுமா என்று கேட்டபோது, போகாதே, இதையே சொல் என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வலி அவருடையது, குத்தும் அவர்மேல், அனுமதியும் அவர் கொடுத்தது.

இதிலிருந்து 'சொந்த வலியைப் பற்றி யாரும் ஜோக் அடிக்கலாம், அடுத்தவர் வலியைப் பற்றிக் கூடாது' என்று ஒரு விதி செய்துவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். 2018-ல் ஆஸ்திரேலிய நகைச்சுவையாளர் ஹான்னா கேட்ஸ்பி ஒரு நிகழ்ச்சியில், இனித் தன்னைத் தானே கேலி செய்துகொள்ளப் போவதில்லை என்று அறிவித்தார். ஏற்கெனவே ஓரத்தில் நிற்கும் ஒருவர் பேசுவதற்கு இடம் கிடைக்கத் தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொள்வது பணிவு ஆகாது, அது அவமானம் என்பது அவர் வாதம். வகுப்பில் குண்டாக இருந்த பையன்தான் முதலில் 'குண்டு' ஜோக் அடிப்பான். மற்றவர்கள் அடிப்பதற்கு முன் தானே அடித்துக்கொள்கிற தற்காப்பு அது. அதைக் கேட்டு நாம் சிரித்தோம் என்பதற்காக அவனுக்கு வலிக்கவில்லை என்று ஆகிவிடாது.

உண்மையில் கெடுதல் உண்டா

டார்க் காமெடி கேட்டால் மனம் கெட்டுவிடும் என்பதற்கு ஆதாரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வியன்னாவில் 156 பேரிடம் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த வகைக் கேலிச்சித்திரங்களை நன்றாகப் புரிந்து ரசித்தவர்களிடம் அறிவுத்திறன் மதிப்பெண் கூடுதலாகவும் ஆத்திரம் குறைவாகவும் இருந்தன. இதைப் படித்துவிட்டு 'டார்க் காமெடி ரசிப்பவன் புத்திசாலி' என்று மீம் போட்டவர்கள் ஏராளம். 156 பேர், பன்னிரண்டு படங்கள். அவ்வளவு கனத்தை அந்த ஆய்வு தாங்காது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தாமஸ் ஃபோர்டு என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு 2008-ல் வெளியிட்டது. ஆண்களிடம் பெண்களை இழிவுபடுத்தும் ஜோக்குகளைக் காட்டிவிட்டு, பெண்களுக்கான ஓர் அமைப்புக்கு எவ்வளவு நன்கொடை தருவீர்கள் என்று கேட்டார்கள். ஏற்கெனவே பெண்கள்மேல் வெறுப்பு கொண்ட ஆண்கள், அந்த ஜோக்குகளைக் கேட்ட பிறகு கையைச் சுருக்கிக்கொண்டார்கள். இதே கருத்தைச் சிரிப்பில்லாமல் நேரடியாகச் சொன்னபோது அந்த விளைவு வரவில்லை. அதாவது ஜோக் யாரிடமும் புதிதாக வெறுப்பை நடவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்ததற்கு, 'பரவாயில்லை, வெளியே வா' என்று கதவைத் திறந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. இந்த ஆய்வு சொல்கிற ரகம் பெரும்பாலும் டார்க் காமெடியே இல்லை. நம் சினிமாவில் பல பத்தாண்டுகளாகக் கறுப்பு நிறத்தையும், பருத்த உடம்பையும், திருநங்கைகளையும் காட்டி எடுத்த சிரிப்பு மாதிரியானது. குடும்பத்தோடு, பாப்கார்னோடு பார்த்தோம். சாவையும் சாமியையும் தொட்டால் பொங்குகிற நாம், அதற்குத் தணிக்கையில் 'யு' கிடைத்ததைக் கேள்வி கேட்கவில்லை. கூடாத பொருள் என்று ஊர் ஒதுக்கி வைத்த பட்டியலுக்கும், உண்மையில் காயப்படுத்துகிற ஜோக்குகளின் பட்டியலுக்கும் அவ்வளவாகச் சம்பந்தமில்லை.

அதனால்தான் நீதிமன்றமும் போலீசும் இதில் நுழைவது எனக்கு உறுத்துகிறது. எஸ்எம்ஏ ஜோக்குக்கு மன்னிப்புக் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். அதே கையோடு 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் நடந்ததையும் மறக்க முடியவில்லை. மத உணர்வைப் புண்படுத்தியதாக ஒரு ஸ்டாண்டப் கலைஞரை நிகழ்ச்சி நடந்த இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். உச்ச நீதிமன்றம் ஜாமீன் தருவதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டது. ஒரு மோசமான ஜோக்குக்குச் சரியான தண்டனை சிரிக்காமல் இருப்பது. பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அந்த மனிதர் அடுத்த ஜோக்குக்குப் போகவில்லை.

அப்புறம், படைத்தவர்களே பின்னால் தயங்குவதும் உண்டு. சார்லி சாப்ளின் ஹிட்லரைக் கேலி செய்து எடுத்த படம் 1940-ல் வெளியானது. 1964-ல் எழுதிய தன்வரலாற்றில், வதை முகாம்களின் கொடூரம் அன்றே தெரிந்திருந்தால் அந்தப் படத்தைத் தன்னால் எடுத்திருக்க முடியாது என்றார். முகாமுக்கு வெளியே இருந்தவரால் முடியாது.

உள்ளே இருந்தவர் ஒருவர் இருக்கிறார். விக்டர் ஃப்ராங்கல், வியன்னா மனநல மருத்துவர், நாஜி முகாம்களில் உயிர் பிழைத்தவர். கூட வேலை செய்த நண்பனிடம், விடுதலையான பிறகு நடக்கப்போவதைப் பற்றித் தினமும் ஒரு சிரிப்புக் கதையாவது கட்டிச் சொல்ல வேண்டும் என்று உடன்படிக்கை போட்டிருந்தாராம். முகாமில் ஊற்றிய தண்ணீர்க் குழம்பில் பட்டாணி இருந்தால் அடியில்தான் கிடக்கும். கரண்டியை அடிவரை விடச் சொல்லிக் கெஞ்சுவது அங்கே பழக்கம். அங்கே மற்றக் கைதிகள் கட்டிய கதை ஒன்றை அவர் எழுதியிருக்கிறார்: என்றோ ஒருநாள் ஊரில் யாரோ பெரிய மனிதர் வீட்டு விருந்து. எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டு அம்மா சூப் ஊற்ற வருகிறார். இவர்கள் தங்களை மறந்து, கிண்ணத்தை நீட்டியபடி கெஞ்சுகிறார்கள்: "அம்மா, கொஞ்சம் அடியிலிருந்து எடுத்து ஊத்துங்க."